பெஞ்ச் மேல துண்டு, கையில போன்: ஜிம்மில் ஏன் இத்தனை எரிச்சல்? தீர்வு யார் கையில்?

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு கூட்ட நேரத்தில் பஸ் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டோ, கர்ச்சீப்போ உள்ளே வந்து விழும். அவ்வளவுதான், சீட் பிடிச்சாச்சு. எந்தச் சட்டத்திலும் இது எழுதப்படவில்லை. ஆனால், அந்தத் துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்து பாருங்கள். சண்டை நிச்சயம்.

அதே துண்டு இப்போது ஜிம்முக்கும் வந்துவிட்டது. பெஞ்ச் பிரஸ் மேல் ஒரு துண்டு கிடக்கிறது. துண்டுக்குச் சொந்தக்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். போன் பேசப் போயிருக்கலாம். நாலு பேரோடு நின்று நேற்று பார்த்த மேட்ச்சைப் பற்றி அலசிக்கொண்டும் இருக்கலாம். காத்திருப்பவர் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். கேட்கவும் தயக்கம், எடுக்கவும் தயக்கம்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று தோன்றலாம். ஆனால் மாதக் கட்டணம் கட்டிவிட்டு, இரண்டாவது மாதமே ஜிம் பக்கம் தலைவைக்காமல் போகிறவர்களை யோசித்தால், இது சின்ன விஷயம் இல்லை என்பது புரியும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ஜிம் என்பது பெருநகர விஷயம் என்றிருந்த காலம் போய்விட்டது. கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நகராட்சிகளிலும் இன்று அது அன்றாடப் பழக்கம்.

வரி விஷயத்திலும் ஒரு மாற்றம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சேவை நிறுவனங்கள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே செய்யத் தேவையில்லை. அதனால் சிறிய ஊர் ஜிம்கள் பலவற்றில் இந்தக் குறைப்பு பில்லில் தெரியாது. என்றாலும், உடற்பயிற்சியை ஆடம்பரமாகப் பார்க்கும் பார்வை மாறுகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

உடல்நலக் கணக்கு இன்னும் முக்கியம். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேரும் ஆண்களில் 42 சதவீதம் பேரும் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை.

அதாவது, ஜிம்முக்குள் இருப்பவர்களைவிட, உள்ளே வரத் தயங்குபவர்கள்தான் அதிகம். உள்ளே இருப்பவர்களின் நடத்தை அந்தத் தயக்கத்தைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

அதிகம் கடுப்பேற்றும் பழக்கங்கள் எவை?

எந்த ஊர் ஜிம்மில் கேட்டாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்.

• மெஷினில் உட்கார்ந்தபடியே ரீல்ஸ் பார்ப்பது.
• தூக்கிய பிளேட்டையும் டம்பெல்லையும் அப்படியே போட்டுவிட்டுப் போவது.
• வியர்வையைத் துடைக்காமல் எழுந்து போவது.
• கேட்காமலே அட்வைஸ் கொடுப்பது.
• டம்பெல்லை 'டொம்' என்று போடுவது, ஊரே கேட்கக் கத்துவது.
• மற்றவர்கள் முகம் விழும்படி வீடியோ எடுப்பது.
• முறைத்துப் பார்ப்பது.

இதில் எல்லாமே ஒரே தரத்தில் இல்லை. கனமான எடையைத் தூக்கும்போது மூச்சோடு சேர்ந்து ஒரு சத்தம் வருவது இயல்பு. டென்னிஸ் வீரர்களை வைத்து நடந்த ஆய்வில், சத்தம் எழுப்பி அடிக்கும்போது பந்தின் வேகம் கூடுவதாகவே தெரியவந்தது. ஆனாலும் அமெரிக்காவின் 'பிளானட் ஃபிட்னஸ்' ஜிம்களில் சத்தம் போடுபவர்களுக்கு எதிராக சைரன் ஒலிக்கும் ஏற்பாடே உண்டு. ஒரு இடத்தில் சகஜம் என்பது இன்னொரு இடத்தில் குற்றம்! ஆக, சத்தத்தை ரசனை சார்ந்த விஷயமாக விட்டுவிடலாம். ஆனால் பிளேட்டைக் கழற்றாமல் போவது அப்படி இல்லை. அது பாதுகாப்புப் பிரச்சினை.

வழக்கமான ஒலிம்பிக் பார் ஒன்றின் எடை மட்டும் 20 கிலோ. இரு பக்கமும் தலா இரண்டு 20 கிலோ பிளேட் மாட்டிவிட்டு ஒருவர் போய்விட்டால், அடுத்து வருபவர் முன்னால் இருப்பது 100 கிலோ. புதிதாகச் சேர்ந்தவர் ஒரு பக்க பிளேட்டை மட்டும் முழுதாகக் கழற்றினால், மறுபக்க எடை பாரைத் தூக்கி அடிக்கும். பழகியவர்கள் இரு பக்கமும் மாறி மாறிக் கழற்றுவார்கள். புதியவருக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பது?

ஒரு பெஞ்ச், இரண்டு மணி நேரம்: கணக்கு என்ன சொல்கிறது?

மாலை 6 முதல் 8 வரை கூட்ட நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஜிம்மில் ஒரே ஒரு பெஞ்ச் பிரஸ். ஒருவருக்கு 4 செட். ஒரு செட்டுக்கு 40 விநாடி.

முதல் வகை: ஒவ்வொரு செட்டுக்கும் நடுவே 5 நிமிடம் போன். ஒருவர் முடிக்க ஏறக்குறைய 18 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் 6 பேர் மட்டுமே முடிக்க முடியும்.

இரண்டாம் வகை: நடுவே 2 நிமிட ஓய்வு, போன் இல்லை. ஒருவருக்கு 9 நிமிடத்துக்குள் முடியும். 13 பேர் முடிக்கலாம்.

மூன்றாம் வகை: மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் ஓய்வெடுக்கும்போது அடுத்தவர் செய்வது. பிளேட் மாற்ற 20 விநாடி சேர்த்தாலும், 12 நிமிடத்தில் மூவரும் 4 செட் முடித்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் செட்டுக்கு நடுவே 2 நிமிடம் 20 விநாடி ஓய்வும் கிடைத்துவிடும். இரண்டு மணி நேரத்தில் 30 பேர்!

பெஞ்ச் ஒன்றுதான். ஆள் எண்ணிக்கை 6-ஆ, 30-ஆ என்பதைப் பழக்கம்தான் முடிவு செய்கிறது. கனமான எடை தூக்குபவர்களுக்கு 2 முதல் 3 நிமிட ஓய்வு பயிற்சி முறையிலேயே தேவை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. பிரச்சினை ஓய்வெடுப்பதில் இல்லை, ஓய்வெடுக்கும் நேரத்திலும் பெஞ்சைப் பிடித்து வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

வியர்வையைத் துடைக்கச் சொல்வது வெறும் நாசூக்கா?

இல்லை. படர்தாமரை என்று நாம் சொல்லும் பூஞ்சைத் தொற்று, தோலோடு தோல் படுவதாலும், துண்டு, உடை, விரிப்பு ஆகியவற்றைப் பகிர்வதாலும் பரவக்கூடியது. வெப்பமும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். விருதுநகர் மாவட்ட வெயிலைப் பற்றி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை வகை ஒன்றுக்கு 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயர். பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2023-ல் நியூயார்க்கில் இதன் பாதிப்பு கண்டறியப்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களை டாக்டரைக் கேட்காமல் பூசுவது நிலைமையை மோசமாக்குகிறது என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கின்றனர்.

ஒரு துண்டு, ஒரு ஸ்ப்ரே பாட்டில். செலவு அவ்வளவுதான். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருக்கும் ஊரில், துடைக்கத் துணி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அரசே ஜிம் ஒழுங்கை எழுதிய காலம்

இந்தப் பழக்கங்கள் எல்லாம் ஒரு காலத்தில் அரசு விதியாகவே இருந்தன என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும்.

கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட ஜிம்களைத் திறக்க அதே ஆண்டு ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒரு நபருக்கு 4 சதுர மீட்டர் இடம், கருவிகளுக்கு நடுவே 6 அடி இடைவெளி, பயன்படுத்தும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது, பொதுப் பாய்களைத் தவிர்ப்பது, ஏசி 24 முதல் 30 டிகிரி வரை என்று அதில் எல்லாமே இருந்தது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10 முதல் 50 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஜிம்கள் திறந்தன.

அப்போது துடைத்தோம். வரிசையில் நின்றோம். நேரம் பார்த்து கிளம்பினோம். பயம் போனதும் பழக்கமும் போய்விட்டது. மேலே இருந்து வரும் விதி, அதை அமல்படுத்தும் ஆள் இருக்கும்வரைதான் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

கேமரா ஆன் செய்தால் சட்டம் என்ன சொல்கிறது?

தன் பயிற்சியைத் தானே வீடியோ எடுப்பது தவறில்லை. உடல் நிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். பின்னால் இருப்பவர் முகம் அவர் அனுமதி இல்லாமல் இன்ஸ்டாகிராமுக்குப் போகும்போதுதான் சிக்கல்.

உடை மாற்றும் அறையில் கேமராவுக்கு இடமே இல்லை. பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின் கீழ் குற்றம். முதல் முறைக்கே குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படம் எடுத்தால், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு பாயும். விருப்பம் இல்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து பின்தொடர்வது, மெசேஜ் அனுப்புவது 78-வது பிரிவில் வருகிறது. உதவிக்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.

பொதுப் பயிற்சித் தளத்தில் முகம் வீடியோவில் விழுவது இந்தப் பிரிவுகளுக்குள் எளிதில் அடங்காது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவரின் தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு அளிக்கிறது. எனவே அந்த இடத்தில் சட்டத்தைவிட ஜிம்மின் சொந்த விதிதான் உடனே கைகொடுக்கும்.

வெளிநாட்டில் ஒரு வழக்கு பெரிதாகப் பேசப்பட்டது. 2016-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஜிம் ஒன்றின் உடை மாற்றும் அறையில் இருந்த 70 வயதுப் பெண்ணைப் படம் எடுத்து, கேலி செய்து பதிவிட்டார் மாடல் டானி மேத்தர்ஸ். ஜிம் அவருக்குத் தடை போட்டது. 2017-ல் நீதிமன்றம் 30 நாள் சமூக சேவை செய்ய உத்தரவிட்டது. ஒரு கிளிக்கில் போனது அந்த மூத்த பெண்ணின் நிம்மதி. கூடவே, ஜிம்மில் தன்னை யாரோ கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஏற்கெனவே கூசிக்கொண்டிருந்த பலரின் தைரியமும்.

கேட்காமல் வரும் அட்வைஸ்

"தம்பி, இப்படிப் பண்ணாத, முதுகு போயிடும்" என்று ஒருவர் சொல்வது சில நேரம் உண்மையிலேயே உதவி. ஆனால் அதே ஆள் அடுத்த வாக்கியத்தில் எந்த பவுடர் குடிக்க வேண்டும், எந்த ஊசி போட வேண்டும் என்று ஆரம்பித்தால் உஷாராக வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் 36 புரோட்டீன் பவுடர்களை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வு, சுமார் 70 சதவீத பவுடர்களில் லேபிளில் போட்ட புரோட்டீன் அளவு சரியில்லை என்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாதபோது, பக்கத்து பெஞ்ச்காரருக்கு எப்படித் தெரியும்?

பெண்களுக்கு இந்த அட்வைஸ் வேறு மாதிரி வருகிறது. ஆரம்பம் பயிற்சியாக இருக்கும், பிறகு போன் நம்பர் கேட்பதில் முடியும். பல ஊர்களில் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த நேரம் பெரும்பாலும் பகலில் வருவதால், வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பயன்படுவதில்லை. ஆண்களின் நடத்தையைத் திருத்துவதற்குப் பதில், பெண்களின் நேரத்தை மாற்றிவிடுகிறோம்.

'காசு கட்டியிருக்கேன்ல?': மாறிப்போன உறவு

தமிழ்நாட்டுக்கு உடற்பயிற்சிக் கூடம் புதிது அல்ல. தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை என்று நமக்கே ஒரு மரபு உண்டு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த ஜெர்மானிய பலசாலி யூஜென் சாண்டோவின் பெயர் இங்கே பனியனுக்கே ஒட்டிக்கொண்டது. தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' வந்ததும் அவரது தேகப்பயிற்சியால்தான்.

அந்தக் கூடங்களில் வாத்தியார் ஒருவர் இருப்பார். செருப்பை வெளியே விடுவது, கட்டையைத் தொட்டுக் கும்பிட்டு எடுப்பது, எடுத்த இடத்தில் வைப்பது என எல்லாம் பயிற்சியின் ஒரு பகுதி. அதில் கண்டிப்பும் பாகுபாடும் இருந்தன. பெண்களுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் மாணவராக இருந்தவர் இப்போது வாடிக்கையாளர் ஆகிவிட்டார். "காசு கட்டியிருக்கேன்ல?" என்று கேட்பவரைக் கண்டிக்க மாஸ்டருக்கும் யோசனை. ஓர் உறுப்பினர் கோபித்துக்கொண்டு போனால் மாத வருமானம் குறையும்.

சின்ன ஊரில் சொல்வது ஏன் கஷ்டம்?

சென்னையில் பெஞ்சில் இருப்பவர் யாரோ ஒருவர். "ப்ரோ, முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிடலாம். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அவர் அப்பாவோடு மில்லில் வேலை பார்க்கும் அண்ணனாக இருப்பார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய சாராக இருப்பார். சொந்தத்தில் மாமா முறையாகவும் இருப்பார். 'அண்ணே' என்று கூப்பிட்ட பிறகு 'எந்திரிங்க' என்று சொல்ல வாய் வருமா?

அதே உறவுதான் தீர்வும். முகம் தெரிந்த ஊரில் கெட்ட பெயர் சீக்கிரம் பரவும், நல்ல பழக்கமும் அப்படியே. "அண்ணே, இன்னும் எத்தனை செட்?" என்ற ஒரு கேள்வி போதும். அது மரியாதையான கேள்வி. எழுந்திருக்கச் சொல்லவில்லை, ஆனால் காத்திருக்கிறேன் என்று தெரிவித்துவிடுகிறது. "நடுவுல நானும் போட்டுக்கட்டுமா?" என்பது அடுத்த படி. பெரும்பாலும் பதில், "வாப்பா, போடு" என்பதாகத்தான் இருக்கும்.

கண்மாய் சொல்லித்தரும் பாடம்

பொதுச்சொத்தைப் பலர் பகிரும்போது அது வீணாகாமல் இருப்பது எப்படி என்று ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். பொருளாதார நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண், ஆண்டு 2009. விதிகளைப் பயன்படுத்துபவர்களே சேர்ந்து வகுக்க வேண்டும், கண்காணிக்க ஆள் வேண்டும், மீறினால் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும் என்பவை அவர் கண்ட அம்சங்களில் சில.

விருதுநகர் மாவட்டத்து விவசாயிகளுக்கு இது புதுத் தத்துவம் இல்லை. கண்மாயில் தண்ணீர் குறையும்போது முறை வைத்துப் பாய்ச்சுவது இங்கே பழைய வழக்கம். மடையைத் திறந்து அடைக்க ஊர் ஒத்துக்கொண்ட ஆள் ஒருவர் இருப்பார். வயல் எவ்வளவு பெரிது என்று பார்த்தாலும், முறை வந்தால்தான் தண்ணீர்.

ஜிம்முக்கு இதைப் பொருத்தினால் என்ன கிடைக்கும்?

• கூட்ட நேரத்தில் ஒரு கருவிக்கு அதிகபட்ச நேரம், அல்லது முறை வைத்துச் செய்வது கட்டாயம். இதை உறுப்பினர்களைக் கேட்டே முடிவு செய்யலாம்.
• துண்டு போட்டு இடம் பிடிப்பது செல்லாது. ஆள் இருந்தால்தான் இடம்.
• துடைக்கும் துணியும் ஸ்ப்ரேயும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வசதி செய்து தராமல் பழக்கத்தைக் கேட்க முடியாது.
• வீடியோவுக்கு ஒரு மூலை ஒதுக்கலாம். உடை மாற்றும் அறைக்குள் போனை வெளியே எடுக்கவே கூடாது.
• சேரும் முதல் நாளிலேயே பிளேட் கழற்றும் முறையும், கருவியைத் திரும்ப வைக்கும் இடமும் சொல்லித்தர வேண்டும்.
• முதல் தடவை தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது, இரண்டாம் தடவை எச்சரிக்கை, மூன்றாம் தடவை சில நாள் தடை. பெண்களைத் தொந்தரவு செய்தால் இந்தப் படிகள் கிடையாது. நேரடியாக வெளியே.
• கூட்ட நேரத்தில் மாஸ்டர் தன் சொந்தப் பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டும்.

சுவரில் போர்டு மாட்டுவதால் மட்டும் இது நடக்காது. எல்லா ஜிம்மிலும் போர்டு இருக்கிறது. போர்டைப் பார்த்துச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

மறுபடியும் அந்த பஸ் துண்டுக்கு வருவோம். ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு ஏன் செல்லுபடியாகிறது? போட்டவர் இரண்டு நிமிடத்தில் ஏறி வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான். பஸ் கிளம்பியும் ஆள் வரவில்லை என்றால் என்ன நடக்கும்? கண்டக்டர் துண்டை எடுத்து மேலே கம்பியில் போட்டுவிட்டு, நின்றுகொண்டிருக்கும் பெரியவரைப் பார்த்து "உக்காருங்க ஐயா" என்பார். பஸ்ஸில் ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

ஜிம்முக்கும் அப்படி ஒரு கண்டக்டர் போதும்.